மூன்றாவது கையெழுத்து

ஜோஸ்பினுக்கு மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதுதான் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது.

வில்லியனூரில் ஒரு பயிற்சி மையம். பழைய அரிசி மண்டி ஒன்றுக்கு வெள்ளையடித்து, மேலே எட்டு சோலார் பேனலை ஏற்றி, கீழே பெஞ்சு போட்டிருந்தார்கள். பெண்களுக்கும் வேலையில்லாத இளசுகளுக்கும் சோலார் பம்பு செட் பராமரிப்பு கற்றுத் தருகிற நான்கு மாதப் படிப்பு. முடித்தால் சான்றிதழ் உண்டு. ஒரு பெட்டி நிறைய டூல்ஸ் உண்டு. அதற்கப்புறம் வில்லியனூர், பாகூர் பக்கத்து பம்பு செட்டுகளைப் பங்கு பிரித்துக் கொடுத்து, இனி இது உங்கள் தொழில், பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. நிஜமான வயலில் மூன்று நிஜமான பழுதைச் சரிசெய்து, ஜாப் ஷீட்டில் பம்புக்காரரின் கையெழுத்தோடு வர வேண்டும். தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சல் சான்றிதழ் எதற்கு என்பது பயிற்சியாளர் ஜெயசுதாவின் கட்சி.

நியாயமான கட்சிதான். ஆனால் நமக்குத் தேவைப்படுகிற நேரத்தில் பார்த்து எந்த மோட்டார் கெட்டுப்போகிறது? முதல் பழுது மாதா கோயில் சாமியார் தோட்டத்தில் கிடைத்தது. இரண்டாவது அரங்கனூரில், எலி கடித்த ஒயர். அதற்கப்புறம் பதினைந்து நாளாக ஊரிலுள்ள பம்பெல்லாம் சொல்லிவைத்தாற்போல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குள் மூன்றாவது கையெழுத்து வராவிட்டால் அடுத்த ஜூனில் அடுத்த அணியோடு முதலிலிருந்து உட்கார வேண்டும். முப்பத்துநான்கு வயதில் ஜோஸ்பினுக்கு அந்தப் பொறுமை இல்லை. வீட்டில் சிரிக்காமல் அனுப்பிவைக்க அவள் புருஷன் மரியதாஸுக்கும் பொறுமை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒன்பதாவதோடு நின்றவள். வகுப்பில் பாதிப் பேர் டிப்ளமோ. முதல் மாதம் வாயைத் திறக்கவே அவளுக்குக் கூச்சம். ஒருநாள் ஜெயசுதா பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, பேனலுக்குள் சின்னச் சின்ன செல்கள் ஒன்றோடொன்று வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிப்ளமோக்கள் கொட்டாவி விட்டார்கள். ஜோஸ்பின் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஏரி வேலையில மண்ணு கூடைய கை மாத்தி வுடறோமே, அது மாரியா மேடம்? நடுவுல ஒருத்தி கூடைய கீழ வச்சிட்டா மொத்த வரிசையும் நின்னு பூடும்."

ஜெயசுதா சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டாள். "அவ்ளோதாங்க்கா. இதுக்கு மேல இன்னைக்குப் பாடமே இல்ல" என்றாள். அன்றிலிருந்து ஜோஸ்பினுக்குக் கூச்சம் விட்டது.

புதன்கிழமை காலை ஜெயசுதாவின் போன் வந்தபோது அவள் மரியதாஸுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கம்ப்ளைன்ட் வந்துருக்கு. பாகூர் பக்கம்தான், உங்களுக்குக் கிட்ட. அஞ்சு எச்.பி. பம்பு. ஆறு நாளா தண்ணி ஏறலையாம். கம்பெனிக்கு போன் பண்ணா, ஆளு வர பத்து நாள் ஆவும், பெட்டியே மாத்தற மாரி இருக்கும்னு சொல்றாங்களாம். நாத்து முத்திக்கினு கீது, யாரையாச்சும் அனுப்புங்கன்னு கத்தறாரு. வெண்ணிலாவ கூட்டிக்கினு ஒடனே போங்க."

"பேரு இன்னா மேடம்?"

"உலகநாதன்."

ஜோஸ்பின் போனைக் கீழே வைத்தாள். கும்பிட்ட தெய்வம் நேரில் வந்தது, ஆனால் வந்த வேஷம்தான் சரியில்லை. உலகநாதனுக்கு பாகூர் மேட்டில் ஏழு காணி நிலம். அந்த ஏழு காணியிலும் பதினாறு வயதிலிருந்து அவள் நடவு நட்டிருக்கிறாள். எந்த வரப்பில் நண்டு வளை இருக்கிறது, எந்த மூலையில் சேறு முழங்கால் ஆழம் என்று அவளுக்குத் தெரியும். இந்த வருஷமும் வேலம்மாள் தலைமையில் அவள் தெருப் பெண்கள் இருபது பேர் அந்த நிலத்துக்குத் தண்ணீர் விடட்டும் என்றுதான் காத்திருந்தார்கள்.

"எவன் வயலுல குனிஞ்சி நட்டியோ அவன் வயலுல போயி நிமிந்து நிக்கப் போற" என்றான் மரியதாஸ். கேலியா பெருமையா என்று தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. தெருமுனைக்கு வந்த பஸ்ஸின் முகப்பில் போன வாரத்து ஆயுத பூஜை வாழைக்கன்று காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவன் ஏறிப் போனான்.

அரை மணி நேரத்தில் வெண்ணிலா ஸ்கூட்டரோடு வந்தாள். செல்லிப்பட்டுப் பெண், இருபத்திரண்டு வயது, பி.காம். முடித்து இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, போதும் போதும் என்றாகி இந்தப் படிப்புக்கு வந்தவள். மையத்தில் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். இவர்கள் ஒரு ஜோடி. ஒரே ஜாப் ஷீட், ஒரே கையெழுத்து இருவருக்கும். அவள் ஸ்கூட்டரின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன.

"அக்கா, இன்னைக்கு முடிக்கிறோம். வெள்ளிக்கிழமை சர்டிபிகேட்டு, சனிக்கிழமை பிரியாணி" என்றாள் வெண்ணிலா. ஜோஸ்பின் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வாய்க்குள் மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் பாகூர் மேடு வந்துவிட்டது.

உலகநாதன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அறுபத்தைந்து இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் ஆறு நாள் எரிச்சல். ஜோஸ்பினைப் பார்த்ததும் கையை வீசினார்.

"இன்னும் தண்ணியே உடலையே, அதுக்குள்ள இன்னாத்துக்கு வந்த? நடவுன்னா வேலம்மா கிட்ட ஆளு வுட மாட்டேனா?"

"நடவுக்கு வர்லைங்க ஐயா. மோட்டாரு பாக்க வந்தேன்."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். வெண்ணிலாவைப் பார்த்தார். வெண்ணிலாவுக்குப் பின்னாலும் பார்த்தார். அங்கே ஸ்கூட்டர் மட்டும் நின்றது.

"மெக்கானிக்கு எங்க?"

"நாங்கதான் சார்" என்றாள் வெண்ணிலா.

"நீ யாரு பொண்ணும்மா? எந்த ஊரு?" என்று அவளிடம் மட்டும் விசாரித்தார். அவள் சொன்னாள். செல்லிப்பட்டில் யாரையோ தெரியும் என்றார். அப்புறம் துண்டை உதறி, "சரி, வந்ததுதான் வந்தீங்க, பாருங்க. ஒண்ணைத் தொட்டு ஒண்ணு கெடுத்து வெச்சிடாதீங்க" என்று நிழலில் போய் உட்கார்ந்தார். ஆட்களை நடத்தத் தெரிந்தவர்தான். நாற்றைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறவரிடம் இதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்க முடியாது.

ஜோஸ்பின் முறைப்படி தொடங்கினாள். முதலில் கன்ட்ரோலர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எண்ணையும் பயனாளி பெயரையும் ஜாப் ஷீட்டில் எழுதினாள். பயனாளி: தையலம்மாள். உலகநாதனின் மனைவி. பெண் பெயரில் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, அவர் மனைவி பெயரில் வாங்கியிருந்தார். பாதி ஊர் அப்படித்தான் வாங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து ஐயா ஏறல?"

"ஆயுத பூஜை வரைக்கும் ஜம்முனு ஓடுச்சு. அன்னைக்கு நிறுத்தி பூஜை போட்டோம். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பாத்து சுவிட்ச்ச போட்டா மொனகுது, நிக்குது. உச்சி வெயிலுல ஒரு சொம்பு தண்ணி துப்புது, அவ்ளோதான். வூட்டுக்காரிய பூசணிக்காய் ஒடைக்க சொன்னேன், மறந்து தொலைச்சா. எல்லாம் கை ராசி."

கொட்டகைக் கூரையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகத் தொங்கின. வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் இருந்தது. மறந்ததை அந்த அம்மாள் பிற்பாடு வட்டியோடு செய்திருந்தாள்.

வெண்ணிலா ஒயர்களைப் பார்த்தாள். எலி இல்லை, அறுந்தது இல்லை. இணைப்புகளை இழுத்துப் பார்த்தாள், எல்லாம் இறுக்கம். ஜோஸ்பின் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தாள். வோல்டேஜ் சரியாக வந்தது. க்ளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியது, நின்றது. ஏழெட்டு காட்ட வேண்டிய ஆம்பியர் ஒன்றைத் தாண்டவில்லை. மறுபடி பார்த்தார்கள். பழையபடி அதே ஒன்று.

ஒன்பதரை மணி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக மழை போக்குக் காட்டிக்கொண்டிருந்ததால் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. வெயில் இருக்கிறது, வோல்டேஜ் இருக்கிறது, ஆம்பியர் மட்டும் இல்லை. கம்பெனிக்காரன் சொன்னதுபோல பெட்டிதான் போய்விட்டதோ? அப்படியானால் அவளால் ஆவது ஒன்றுமில்லை. மூன்றாவது கையெழுத்து அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கிறது.

"நான் வெளிய போயி பேனல் பின்னாடி ஜாயின்ட்டெல்லாம் பாக்கறேன். நீ மீட்டரையே பாத்துக்கினு இரு" என்று வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பேனல்கள் இரும்புக் கால்களில் சாய்வாக நின்றன. இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு. கீழ்விளிம்பு அவள் இடுப்பு உயரம். ஒவ்வொன்றாகக் குனிந்து பின்பக்கம் பார்த்து, நிமிர்ந்து, அடுத்ததற்குப் போனாள். ஆறாவது பேனலுக்கு முன்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னா பண்ண? இருந்த ஆம்பியரும் எறங்குது!" என்று உள்ளிருந்து வெண்ணிலா கத்தினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல."

"இப்பவும் எறங்கித்தான் கீது!"

ஜோஸ்பின் இரண்டு எட்டு பின்னால் வைத்தாள்.

"ஏறிடுச்சு!"

தன் நிழலைப் பார்த்தாள். அது இப்போது மண்ணில் கிடந்தது. இவ்வளவு நேரம் பேனல் மேல் கிடந்திருக்கிறது. பிறகு பேனலைப் பார்த்தாள். இந்தக் காலையில் முதல்முறையாக அதை நிஜமாகவே பார்த்தாள்.

பேனலின் கீழ்ப்பாதியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மூன்று விரல் அகலத்தில் மூன்று விபூதிப் பட்டை. நடுவில் உள்ளங்கை அளவு சந்தனம். அதன்மேல் குங்குமம். பக்கத்துப் பேனலிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். பதினாறு பேனலும் சிவன் கோயிலுக்குப் புறப்பட்ட அடியார் கூட்டம் மாதிரி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு நின்றன. சந்தனத்தில் குழைத்த விபூதி, அப்பினாற்போல் காய்ந்து, சுரண்டினால்தான் வரும் போலிருந்தது.

வந்தவுடனே அவள் கண்ணில் பட்டதுதான். ஆனால் மனசில் படவில்லை. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எதில்தான் பொட்டு இல்லை? டிராக்டரில் இருக்கிறது, கிரைண்டரில் இருக்கிறது, ஃபிரிட்ஜில் இருக்கிறது, அவள் ஏறி வந்த ஸ்கூட்டரில் இருக்கிறது. வேதக்காரர் தெருவில் ஆட்டோ வைத்திருக்கிற கிறிஸ்தவன் அருள்தாஸே வருஷா வருஷம் ஆட்டோவுக்குப் பொட்டு வைக்கிறான். பொட்டில்லாமல் இருந்திருந்தால்தான் உறுத்தியிருக்கும். இந்த ஊரில் பிறந்த கண்ணுக்கு அது பேனலோடு சேர்ந்த பொருள்.

வெண்ணிலா ஓடி வந்தாள். ஜோஸ்பின் பேனலைக் காட்டினாள். வெண்ணிலா பார்த்தாள், புரிந்தது, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு பேனலுக்கும் குறுக்க ஒரு வரிசை கூடைய கீழ வச்சிட்டாங்கக்கா" என்றாள் காதோடு. "சும்மா இரு, சொல்லாத. பேனலு கழுவறோம்னு சொல்லி ஈரத் துணியால தொடச்சிடலாம். நானே தொடைக்கிறேன், உன்ன யாரும் எதுவும் சொல்ல முடியாது. அப்பறம் பெட்டியில போயி ரெண்டு ஸ்க்ரூவ திருகிட்டு, சரியாயிடுச்சுன்னு கையெழுத்து வாங்கிகினு போயிக்கினே இருப்போம்."

நல்ல யோசனை. அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் ஜோஸ்பினுக்கும் முதலில் பட்டது. வேதக்காரப் பெண் ஒருத்தி போய், அதுவும் வயலில் குனிந்தே பார்த்த பெண், உங்கள் வீட்டு விபூதியால்தான் மோட்டார் நின்றது என்று சொன்னால் உலகநாதன் என்ன செய்வார்? கையெழுத்து போகும். அடுத்த வருஷ நடவு போகும். வேலம்மாள் ஆட்களுக்கே வேலை போனாலும் போகும். அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆனால் அவள் கண் அந்தப் பட்டையின் மேலேயே இருந்தது. பழைய பட்டைக்கு மேல் புதுப் பட்டை. மோட்டார் நின்ற பிறகு, திருஷ்டி கழிய, இன்னொரு முறை பூசியிருக்கிறார்கள். நோய் முற்ற முற்ற அதையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு தொடைச்சிட்டு போயிடுவோம்" என்றாள் ஜோஸ்பின். "மோட்டாரு நல்லாச்சுன்னு சந்தோசத்துல வர்ற வெள்ளிக்கிழம மறுபடி பூசுவாங்க. மறுபடி நிக்கும். அப்ப இன்னா சொல்வாங்க? பொம்பளைங்க வந்து ரிப்பேர் பண்ணாளுங்க, ரெண்டு நாளு கூட தாங்கலன்னுவாங்க. அப்பறம் நம்பள எவன் கூப்புடுவான்?"

ஜோஸ்பின் கொட்டகைக்கு நடந்தாள். அந்தப் பத்தடி தூரம் நடவு வயலில் நடப்பதுபோல் கால் இழுத்தது.

அந்நேரம் பார்த்துத் தையலம்மாள் தூக்குவாளியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய பொட்டு. கணவனுக்கு இட்லி கொண்டுவந்திருந்தாள். ஜோஸ்பின் அவளையும் வைத்துக்கொண்டே சொன்னாள். பெட்டி நல்லா இருக்குது, ஒயர் நல்லா இருக்குது, பேனல் மேல் பூசினதுதான் வெயிலை மறைக்குது என்று, சுற்றி வளைக்காமல்.

உலகநாதன் எழுந்துவிட்டார்.

"சாமி கும்பிட்டா மோட்டாரு நிக்குமா? இதான் உங்க வில்லியனூருல சொல்லிக் குடுத்தாங்களா? உங்க மாதா கோயில்ல மெழுகுத்திரி ஏத்தறீங்களே, அதுக்கு நிக்காதா?"

"பேனலு மேல மெழுகு ஊத்தினாலும் நிக்குங்க ஐயா" என்றாள் ஜோஸ்பின். "அதுக்கு எந்த சாமின்னு தெரியாது. வெயிலு வரணும், அவ்ளோதான். ஏரியில நாங்க வரிசையா நின்னு மண்ணு கூடை மாத்தறத பாத்துருக்கீங்க இல்ல? நடுவுல ஒருத்தி கைய கட்டிக்கினு நின்னா கூடை அப்பாலே போவுமா? உள்ளார அப்படித்தாங்க இருக்குது. இந்தப் பட்டை அந்தக் கடைசிலேர்ந்து இந்தக் கடைசி வரைக்கும் எல்லாரு கையையும் கட்டிப் போட்டுடுச்சு."

உலகநாதன் வாயைத் திறப்பதற்குள் தையலம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அடியாத்தே" என்றாள். "வெள்ளிக்கிழம வேற ரெண்டாந்தபா பூசினேனே. நல்லா ஒட்டணும்னு சந்தனத்த அரைச்சிப் போட்டு."

"தொடைச்சா ஏறும்மா. வெயிலு முழுசா ஏறறதுக்குள்ள ஈரத் துணியால தொடைக்கணும். கண்ணாடி ரொம்ப சுட்டுப் போச்சுன்னா தண்ணி பட்டு வெடிச்சிடும். நான் தொட..."

"நீ இரு. வச்ச பொட்ட வச்சவதான் எடுக்கணும்."

தையலம்மாள் முதல் பேனலுக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்து, பூஜையறைப் படத்தைத் துடைப்பதுபோல் துடைக்கத் தொடங்கினாள். ஜோஸ்பின் பக்கத்திலேயே நின்று ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினாள். வெண்ணிலா உள்ளே மீட்டரோடு உட்கார்ந்தாள்.

மூன்று பேனல் முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு முடிந்தது. உலகநாதன் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். எட்டு முடிந்தபோது, "நான்தான் சொன்னேனே" என்றார். படித்ததெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று ஜோஸ்பின் ஒரு கணம் நினைத்தாள். பத்தாவதில் கொட்டகைக்குள் மோட்டார் ஒரு முனகல் முனகியது. நிற்கவில்லை. பன்னிரண்டாவதில் குழாய் காற்றைத் துப்பி, செம்மண் தண்ணீரைத் துப்பியது. பதினாறாவது பேனலைத் தையலம்மாள் துடைத்து முடித்து நிமிர்ந்தபோது குழாய் வாய் நிறைய வெள்ளைத் தண்ணீர் தொட்டியில் விழுந்து சத்தம் போட்டது.

"எட்டு ஆம்பியர்க்கா!" என்று வெண்ணிலா உள்ளிருந்து கத்தினாள்.

தையலம்மாள் ஈரக் கையோடு கணவன் பக்கம் திரும்பினாள். "ராசியில்லாத கை, ராசியில்லாத கைன்னு ஆறு நாளா சொன்னியே. கையில ஒண்ணும் இல்ல. வச்ச எடந்தான் சரியில்ல."

உலகநாதன் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார். அது ஒரு பதில்தான்.

வெண்ணிலா ஜாப் ஷீட்டைக் கொண்டுவந்தாள். பழுதின் காரணம் என்ற இடத்தில் கட்டங்கள் இருந்தன: தூசி, பறவை எச்சம், இலை நிழல், ஒயர் அறுப்பு, எலிக்கடி. விபூதிக்குக் கட்டமில்லை. தூசி என்று போட ஜோஸ்பினுக்கு மனசு வரவில்லை. மற்றவை என்ற கோட்டில், ஆயுத பூஜைக்குப் பேனல் கண்ணாடியில் விபூதி, சந்தனம் பூசியது என்று குண்டு குண்டாக எழுதினாள். உலகநாதன் வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"இத ஆபீசுல வச்சி படிப்பாங்களா?"

"படிப்பாங்க சார்" என்றாள் வெண்ணிலா.

"எங்க வூட்டு விபூதியால மோட்டாரு நின்னுச்சுன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்து போடணுமா? ஊரே சிரிக்கும். அத அடிச்சிட்டு ஒயரு அறுந்துச்சுன்னு போடு. ஒடனே போடறேன்."

வெண்ணிலா பேனாவை எடுத்தே விட்டாள். ஒரு கோடு, ஒரு டிக், அவ்வளவுதான். ஜோஸ்பின் அவள் கையைப் பிடித்தாள். வெள்ளிக்கிழமை, டூல்ஸ் பெட்டி, அடுத்த ஜூன், மரியதாஸின் சிரிப்பு எல்லாம் அந்தப் பிடியில் இருந்தன.

"அறுந்து போவாத ஒயர அறுந்துச்சுன்னு எழுத மாட்டேங்க ஐயா. இந்தச் சீட்ட பாத்துதான் அடுத்த ஆளு வேல செய்வாங்க. பாகூருல இன்னும் எத்தினி பேனலு இப்படிப் பூசிக்கினு நிக்குதோ. மோட்டாரு ஓடுது இல்ல, அது போதும். நாங்க வர்றோம்."

அவள் மீட்டரைச் சுற்றிப் பையில் வைத்தாள். ஸ்க்ரூ டிரைவர்களைப் பொறுக்கினாள். ஜிப்பை மூடும்போது தையலம்மாள் கேட்டாள்.

"அந்தச் சீட்டுல யாரு கையெழுத்து போடணும்னு இருக்குது?"

ஜோஸ்பின் தயங்கினாள். அவளுக்கு அது முன்பே தெரியும். புருஷனை நிற்க வைத்துவிட்டுப் பெண்டாட்டியிடம் நீட்டுவது முறையில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"பயனாளிம்மா."

"அது யாரு?"

"நீங்கதாம்மா. பெட்டியில உங்க பேருதான் ஒட்டிக் கீது."

தையலம்மாள் பெட்டியருகே போய்த் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்று வருஷமாக அங்கே ஒட்டியிருந்த பெயர். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து சீட்டை வாங்கினாள். தொட்டி விளிம்பில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். உலகநாதன் அந்தப் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

"பூசினதும் நானு, தொடைச்சதும் நானு. எனக்கு இன்னா வெக்கம்?" என்று சீட்டை நீட்டினாள். "வர்ற வருசம் எங்க வைக்கட்டும், சொல்லிட்டுப் போ."

ஜோஸ்பின் இரும்புக் காலைத் தொட்டுக் காட்டினாள். "இதுல வைங்கம்மா. எவ்ளோ பெருசா வேணும்னாலும் வைங்க." சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பையில் வைக்க அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஸ்கூட்டர் வரப்பு தாண்டுவதற்குள் உலகநாதன் குரல் கொடுத்தார். பழைய அதிகாரக் குரல்தான், சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நாளைக்கு சேறு அடிச்சிடுவேன். வெள்ளிக்கிழம நடவு. வேலம்மா கிட்ட சொல்லிடு. நீயும் வந்துடு."

பதினெட்டு வருஷமாக இந்த அழைப்புக்கு அவளிடம் இருந்தது ஒரே பதில்தான். ஜோஸ்பின் வண்டியிலிருந்து இறங்கி நின்றாள்.

"வேலம்மா கிட்ட சொல்லிடறேங்க. வெள்ளிக்கிழம என்னால முடியாதுங்க ஐயா, வில்லியனூருல சர்டிபிகேட்டு தராங்க. நடவுக்கு வேற ஆளு பாத்துக்குங்க. மோட்டாருன்னா என்ன கூப்புடுங்க."

தொட்டி நிறைந்து வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உலகநாதன் மடியிலிருந்து போனை எடுத்து, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"சரி, நம்பர சொல்லு" என்றார்.